முகத்தில் மூன்று லீஷன், மூன்றும் ஆரம்பநிலைத் தோல் புற்றுநோய்: பயாப்ஸி முதல் ஃபாலோ-அப் வரை கோடிங் எப்படி?

தணிகை_கோடர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க டெர்மட்டாலஜி க்ளினிக் சார்ட் ஒன்றின் கோடிங்கில் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான கோட்களாக மாற்றுவதில்) எங்கள் டீமில் ஆளுக்கொரு பதில் வருகிறது. பேயர் (பணம் தரும் காப்பீடு) மெடிகேர், அதாவது அமெரிக்க அரசின் காப்பீடு. நோயாளி பற்றிய விவரங்களை எடுத்துவிட்டு மருத்துவ விஷயத்தை மட்டும் தருகிறேன்.

முதல் விசிட்டில் டாக்டர் எழுதியவை:

இடது மூக்கு மடலில் 7 மிமீ அளவில் முத்துப் போல மினுங்கும் மேடு. ஷேவ் பயாப்ஸி (மேலாகச் சீவி எடுத்தது). "பேசல் செல் கார்சினோமாவா என்று பார்க்க வேண்டும்."

இடது கன்னத்தில் 1.3 செமீ செதில் படிந்த சிவப்புத் திட்டு. ஷேவ் பயாப்ஸி. "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று சந்தேகம்."

வலது நெற்றிப்பொட்டில் 0.9 செமீ, நிறம் சீராக இல்லாத பழுப்புத் திட்டு. பஞ்ச் பயாப்ஸி (வட்டக் கத்தியால் துளைத்து எடுத்தது). "லென்டிகோ அல்லது லென்டிகோ மெலிக்னா."

பேத்தாலஜியில் மூக்கு நாடுலர் பேசல் செல் கார்சினோமா, கன்னம் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா இன் சிட்டு (மேல்தோலைத் தாண்டாத நிலை), நெற்றிப்பொட்டு மெலனோமா இன் சிட்டு (லென்டிகோ மெலிக்னா வகை) என்று வந்தது.

பில்லிங்கில் 11102-ஐ (ஷேவ் பயாப்ஸிக்கான சிபிடி, அதாவது சிகிச்சை கோட்) மூன்று வரியாகப் போட்டு, மூன்றுக்கும் டி48.5 (ஐசிடி, அதாவது நோய்க்கான கோட்) கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வரி டினை ஆகிவிட்டது, அதாவது பேயர் நிராகரித்துவிட்டது.

அடுத்த விசிட்டில் கன்னத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஒரே நாளில் எக்ஸிஷன். கன்னத்தில் 0.4 செமீ மார்ஜின் (லீஷனைச் சுற்றிச் சேர்த்து எடுக்கும் தோல்), இன்டர்மீடியட் க்ளோஷர் (அடுக்குத் தையல்) 4.5 செமீ. நெற்றிப்பொட்டில் 0.5 செமீ மார்ஜின், இன்டர்மீடியட் 3.0 செமீ. கன்னத்துத் துண்டு 1.8 செமீ என்று பேத்தாலஜி ரிப்போர்ட் சொல்கிறது. நெற்றிப்பொட்டில் மார்ஜின் பாசிட்டிவ் (வெட்டிய விளிம்பில் கட்டி தெரிகிறது). 8-ஆம் நாள் மறுபடி எக்ஸிஷன், அதில் மிச்சம் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து மூக்குக்கு மோஸ் சர்ஜரி (படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் உடனே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), இரண்டு ஸ்டேஜ், பைலோப் ஃப்ளாப் (பக்கத்துத் தோலை நகர்த்திக் காயத்தை மூடுவது).

என் சந்தேகங்கள்: பயாப்ஸி நாளுக்கு எந்த டயக்னோசிஸ்? எக்ஸிஷனுக்கு எந்த அளவை எடுப்பது? மறு எக்ஸிஷனில் கேன்சரே இல்லை என்றால் மெலிக்னன்ட் கோட் போடலாமா? எல்லாம் முடிந்த பிறகு வரும் விசிட்டுகளுக்கு என்ன போடுவது?

ஆடிட்_மேசை

முதல் விசிட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை சர்ஜரி பக்கம் பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

டி48.5 தப்பு. அது "தன்மை நிச்சயமற்ற" கட்டிக்கான கோட். அதாவது பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகும் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதினால்தான் அது வரும். டாக்டருக்குச் சந்தேகம் இருக்கிறது, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்ற நிலைக்கு டி48.5 பொருந்தாது. ரிப்போர்ட் இல்லாமல் கிளெய்ம் போக வேண்டிய கட்டாயம் இருந்தால் டி49.2. அவுட்பேஷன்ட்டில் "சந்தேகம்", "இருக்கலாம்", "ஒத்துப்போகிறது" போன்ற சொற்களை வைத்து கேன்சர் கோட் போடக் கூடாது என்பது ஐசிடி-10-சிஎம் கைட்லைனின் நான்காம் பிரிவில் நேரடியாகவே இருக்கிறது.

ஆனால் கோட் போடும் நேரத்தில் இறுதி ரிப்போர்ட் கையில் இருந்தால், அதில் உறுதியான டயக்னோசிஸைப் பயாப்ஸி தேதிக்கே போடலாம். பேத்தாலஜிஸ்டும் டாக்டர்தான், அவர் விளக்கம் எழுதிக் கையெழுத்திட்ட ரிப்போர்ட்டை அவுட்பேஷன்ட்டில் எடுத்துக்கொள்ள கைட்லைன் இடம் தருகிறது. அதனால் பயாப்ஸி கிளெய்மை ரிப்போர்ட் வரும் வரை நிறுத்தி வைப்பதே சரியான நடைமுறை. மெடிகேரில் கிளெய்ம் அனுப்ப சேவை தேதியிலிருந்து 12 மாதம் இருக்கிறது, சில நாள் காத்திருப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

உங்கள் சார்ட்டுக்கு:

மூக்கு: சி44.311.
கன்னம்: டி04.39.
நெற்றிப்பொட்டு: டி03.39.

இன்வேசிவ் (மேல்தோலைத் தாண்டி உள்ளே போன) கேன்சருக்கு மூக்குக்கென்றே தனி கோட் உண்டு (பேசல் செல் சி44.311, ஸ்குவாமஸ் சி44.321, மெலனோமா சி43.31). இன் சிட்டு வந்தால் அந்தப் பிரிவு கிடையாது. மூக்கில் வந்த இன் சிட்டு கார்சினோமாவும் டி04.39-தான். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பலர் டி04.30 போட்டுவிடுகிறார்கள். அது "முகத்தில் எந்த இடம் என்று சொல்லப்படவில்லை" என்பதற்கான கோட். இடம் சார்ட்டில் தெளிவாக இருக்கும்போது அதைப் போடக் கூடாது.

சிபிடி பக்கம்: 2019-இலிருந்து பயாப்ஸி கோட் எடுக்கும் முறை மாறிவிட்டது. டேஞ்சென்ஷியல் (ஷேவ், ஸ்கூப், சாசரைஸ், க்யூரெட்) 11102, கூடுதல் லீஷனுக்கு 11103. பஞ்ச் 11104, கூடுதல் 11105. இன்சிஷனல் 11106, கூடுதல் 11107. ஒரே அமர்வில் ஒரே ஒரு முதன்மை கோட்தான். வகைகள் கலந்திருந்தால் இன்சிஷனல் முதலில், அடுத்து பஞ்ச், கடைசியில் டேஞ்சென்ஷியல். உங்களுடையதில் ஒரு பஞ்ச், இரண்டு ஷேவ். ஆக 11104 ஒன்று, டயக்னோசிஸ் டி03.39. பிறகு 11103 இரண்டு யூனிட், சி44.311, டி04.39 இரண்டையும் பாயின்ட் செய்து. 11102 இந்தக் கிளெய்மில் வரவே வராது, டினயலுக்குக் காரணம் அதுதான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். டாக்டர் "ஷேவ் ரிமூவல்" என்று எழுதினால் 11310 வரிசையா 11102-ஆ என்ற குழப்பம் வரும். நோக்கம் என்ன என்று பாருங்கள். டயக்னோசிஸுக்காகத் திசு எடுத்திருந்தால் அது பயாப்ஸி. லீஷனை அகற்றுவதற்காகவே மேல் தோலோடு சீவியிருந்தால் 11310 வரிசை. நோக்கம் எழுதப்படவில்லை என்றால் ஊகிக்காமல் டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள்.

அன்றைக்கு இ/எம் (டாக்டர் பார்த்து ஆலோசித்ததற்கான விசிட் கோட்) போட்டிருக்கிறார்களா? பயாப்ஸி எடுக்கலாம் என்ற முடிவு பயாப்ஸி கோடுக்குள்ளேயே அடங்கிவிடும், அதற்காக மட்டும் இ/எம்மில் மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் விளக்கக் குறி) 25 ஒட்ட முடியாது. அதே விசிட்டில் வேறு பிரச்சினையைத் தனியாகப் பார்த்து மருந்து கொடுத்திருந்தால், உதாரணத்துக்கு ரோசேசியாவுக்குச் சிகிச்சை மாற்றியிருந்தால், அப்போது 25 நிற்கும்.

மார்ஜின்_ஸ்க்ரைப்

அளவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். முகத்தில் பணமும் பிழையும் அதிகம் இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸிஷன் கோடுக்கு எடுக்க வேண்டிய அளவு: கத்தி வைப்பதற்கு முன் லீஷனின் அதிகபட்ச விட்டம், அதோடு இரண்டு பக்கமும் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச மார்ஜின். கன்னம் 1.3 + 0.4 + 0.4 = 2.1 செமீ. முகம், காது, இமை, மூக்கு, உதடு எல்லாவற்றுக்கும் சேர்ந்த மெலிக்னன்ட் வரிசையில் 2.1 முதல் 3.0 வரை 11643. பேத்தாலஜியின் 1.8-ஐ எடுத்திருந்தால் 11642-க்கு இறங்கியிருக்கும். வெட்டிய தோல் இழுவிசை போனதும் சுருங்கும், ஃபார்மலினில் போட்டால் இன்னும் சுருங்கும். அந்த அளவு டாக்டர் வெட்டியதைக் காட்டாது. நெற்றிப்பொட்டு 0.9 + 0.5 + 0.5 = 1.9, ஆக 11642.

நீள்வட்டமாக வெட்டும்போது இரண்டு முனையும் நீண்டு போகும். அந்த நீளம் க்ளோஷர் மடிப்பு வராமல் இருப்பதற்காக எடுப்பது, எக்ஸிஷன் அளவில் சேராது. "4.2 செமீ எலிப்ஸ்" என்று மட்டும் நோட்டில் இருந்தால் அதைப் பார்த்து 11646 போடுவது ஆடிட்டில் முதலில் சிக்கும்.

எக்ஸிஷன் லீஷனுக்கு ஒன்று, கூட்டக் கூடாது. ஆனால் க்ளோஷர் வேறு கணக்கு. ஒரே வகை, ஒரே உடற்பகுதிக் குழு என்றால் நீளங்களைக் கூட்ட வேண்டும். கன்னமும் நெற்றிப்பொட்டும் முகம்தான், இரண்டும் இன்டர்மீடியட்தான். 4.5 + 3.0 = 7.5. ஆக 12053 ஒன்று. 12052 இரண்டு முறை போட்டிருந்தால் அது தவறு.

அந்த நாள் கிளெய்ம்: 11643 – டி04.39. 11642 – டி03.39, தனி லீஷன் என்று காட்ட 59 அல்லது மெடிகேர் ஏற்கும் எக்ஸ்எஸ். 12053 – இரண்டு டயக்னோசிஸும்.

இன்டர்மீடியட் என்று எழுதினால் போதுமா? போதாது. டாக்டர் ஒரு அடுக்குக்கு மேல் தைத்ததை, அதாவது சருமத்துக்குக் கீழே ஆழ்ந்த தையல் போட்டதை நோட்டில் காட்ட வேண்டும். காம்ப்ளக்ஸ் என்று வந்தால் 2020-இலிருந்து கூடுதல் நிபந்தனை இருக்கிறது: காயத்தின் அதிகபட்ச அகலம் அளவுக்காவது, ஒரு முழு விளிம்பு நெடுகிலும் அண்டர்மைனிங் (தோலை அடியிலிருந்து தளர்த்துவது) செய்திருக்க வேண்டும், அல்லது எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், பெயருள்ள நரம்பு-ரத்தக்குழாய் வெளியே தெரிந்திருக்க வேண்டும், அல்லது காது விளிம்பு, உதட்டுக் கோடு, மூக்குத் துவார விளிம்பு போன்ற ஓரங்கள் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், காய விளிம்பை டெப்ரைட் செய்தது, ரிடென்ஷன் தையல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. "விரிவான அண்டர்மைனிங்" என்ற சொல் மட்டும் இருந்து அளவு இல்லை என்றால் இன்டர்மீடியட்டோடு நில்லுங்கள்.

இன்னொன்று. டி04 என்றதும் சிலர் "கேன்சருக்கு முந்தைய நிலைதானே" என்று 17000 வரிசைக்குப் போய்விடுகிறார்கள். 17000, 17003, 17004 ஆக்டினிக் கெரடோசிஸ் (எல்57.0) போன்றவற்றுக்கு. கார்சினோமா இன் சிட்டுவை சுரண்டிச் சுட்டு அழித்திருந்தால் முகத்துக்கு 17280 வரிசை. அங்கே அளவு லீஷனின் விட்டம் மட்டுமே, மார்ஜின் சேராது. கன்னத்து 1.3 செமீ திட்டை அப்படிச் செய்திருந்தால் 17282.

அளவை விட எனக்குக் கவலை தருவது இடம். பயாப்ஸி எடுத்து ஒரு மாதத்தில் முகத்துத் தோல் ஆறி, எங்கே எடுத்தார்கள் என்றே தெரியாமல் போகும், அதுவும் வெயிலில் கெட்ட, தழும்பு நிறைந்த முகத்தில். தப்பான இடத்தில் சர்ஜரி நடப்பதற்கு டெர்மட்டாலஜியில் நன்கு அறியப்பட்ட காரணம் இதுதான். பயாப்ஸி நாளில் புகைப்படம் எடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு நிலையான அடையாளத்திலிருந்து தூரம் எழுத வேண்டும். "இடது மூக்கு மடல், மூக்கு நுனியிலிருந்து 1.8 செமீ, இடது உள் கண்முனையிலிருந்து 3.2 செமீ" என்று ஒரு வரி போதும். புகைப்படத்தில் லீஷன் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் பயனில்லை. கண்ணோ மூக்கோ காதோ சட்டத்துக்குள் இருக்க வேண்டும். கோடர்கள் இதைக் கேட்டு வாங்குவது நோயாளிக்கு நேரடியாகச் செய்யும் உதவி.

ஸ்லைடு_பார்ப்பவர்

பேத்தாலஜி ரிப்போர்ட்டைப் படிப்பதில் கோடர்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

"லென்டிகோ மெலிக்னா" வேறு, "லென்டிகோ மெலிக்னா மெலனோமா" வேறு. முதலாவது இன் சிட்டு, டி03. இரண்டாவது மேல்தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டது, சி43. ஒரே ஒரு சொல் வித்தியாசம், ஆனால் கோட், சிகிச்சை, தொடர் கண்காணிப்பு எல்லாமே மாறும். ரிப்போர்ட்டில் ப்ரெஸ்லோ தடிமன் (கட்டி உள்ளே இறங்கிய ஆழம்) மிமீ-இல் கொடுக்கப்பட்டிருந்தால் அது இன்வேசிவ், இன் சிட்டுவுக்குத் தடிமன் சொல்வதில்லை. தலைப்பில் இன் சிட்டு, உள்ளே தடிமன் 0.3 மிமீ என்று முரண் தெரிந்தால் கோட் போடாமல் லேபைக் கூப்பிடுங்கள். திருத்திய ரிப்போர்ட் வர வேண்டும்.

அதேபோல் வெறும் "லென்டிகோ" என்றால் எல்81.4. அது கேன்சர் இல்லை.

ஏஜேசிசி (கேன்சர் ஸ்டேஜ் முறை) எட்டாம் பதிப்பில் (இங்கே டி என்பது கட்டிக்கான T நிலை, ஐசிடி கோடின் D அல்ல) மெலனோமாவுக்கு 0.8 மிமீ-க்குக் குறைவு, மேலே புண் இல்லை என்றால் டி1ஏ. புண் இருந்தால், அல்லது 0.8 முதல் 1.0 வரை என்றால் டி1பி. தலை, கழுத்துத் தோலின் ஸ்குவாமஸ் கேன்சரில் 2 செமீ-க்குக் குறைந்தது டி1. ஆனால் சிறியதாக இருந்தாலும் 6 மிமீ-க்கு மேல் ஆழம் போனால், அல்லது கொழுப்பைத் தாண்டினால், அந்தப் பதிப்பின்படி குறிப்பிடும் அளவுக்கு நரம்பைச் சுற்றிப் பரவியிருந்தால் நேரே டி3. ஸ்டேஜை வைத்து ஐசிடி கோட் மாறாது. மாறுவது இன் சிட்டுவா இன்வேசிவா என்பதில்தான். ஆனாலும் ஆழம், நரம்பு விவரம் சார்ட்டில் இருந்தால்தான் மோஸ் ஏன் செய்தார்கள், ரேடியேஷன் ஏன் யோசித்தார்கள் என்பதற்குப் பேயரிடம் பதில் இருக்கும்.

கெரடோஅகந்தோமா: தனியாக அந்தப் பெயர் மட்டும் வந்தால் இண்டெக்ஸ் எல்85.8-க்குக் கொண்டுபோகும். "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, கெரடோஅகந்தோமா வகை" என்று வந்தால் அது கார்சினோமா, முகத்தில் சி44.32 வரிசை. பேத்தாலஜிஸ்ட் எதை எழுதினாரோ அதுதான். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

"அட்டிபிகல் ஸ்குவாமஸ் ப்ரொலிஃபரேஷன், மேலோட்டமான மாதிரி, கார்சினோமாவை விலக்க முடியவில்லை" என்று வரும் ரிப்போர்ட்டுக்கு சி44 போடக் கூடாது. மாதிரி போதாமல் வந்த பதில் அது. சிகிச்சை டாக்டர் என்ன முடிவு எடுக்கிறார் என்று அவருடைய நோட்டைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் மறு பயாப்ஸி இருக்கும்.

தணிகை_கோடர்

மிக்க நன்றி. மறு எக்ஸிஷனும் மோஸும் இன்னும் பாக்கி. மூக்குக்கான ஆபரேட்டிவ் நோட்டில் இருப்பது இது: முதல் ஸ்டேஜ் 2 ப்ளாக் (ஸ்லைடுக்காகப் பிரித்த திசுத் துண்டு), இரண்டாம் ஸ்டேஜ் 1 ப்ளாக், க்ளியர். டிஃபெக்ட் (வெட்டியதால் வந்த காயம்) 1.1 × 1.0 செமீ. பைலோப் ஃப்ளாப், இரண்டாம் டிஃபெக்ட் 2.0 × 1.5 செமீ.

குளோபல்_கணக்கு

மறு எக்ஸிஷன் முதலில். பாசிட்டிவ் மார்ஜினுக்காகச் செய்ததால் மெலிக்னன்ட் வரிசையே (11640–11646), டயக்னோசிஸ் டி03.39. கடைசி ரிப்போர்ட்டில் மிச்சம் இல்லை என்றாலும் அப்படியே. சர்ஜரிக்குக் காரணம் அந்த மெலனோமா. சிகிச்சை அதே இடத்தில் தொடரும் வரை அது "வரலாறு" ஆகாது என்பது கைட்லைனின் நியோப்ளாசம் அத்தியாயத்தில் இருக்கிறது. 11640 வரிசைக்கு மெடிகேரில் 10 நாள் குளோபல் (சர்ஜரிக் கட்டணத்திலேயே பின்கவனிப்பும் அடங்கும் காலம்). 8-ஆம் நாள் அதற்குள் வருகிறது, மாடிஃபையர் 58. 78 போட்டுவிடாதீர்கள், அது சிக்கல் வந்து திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்கு. அளவுக்கு, டாக்டர் அந்த இரண்டாம் அமர்வில் எதை, எவ்வளவு மார்ஜினோடு எடுத்தார் என்று புதிதாக எழுதியிருக்க வேண்டும். முதல் நோட்டின் 1.9-ஐ அப்படியே திரும்பப் போடக் கூடாது. அதே அமர்வில் ஃப்ரோஸன் (திசுவை உறையவைத்து உடனே செய்யும் பரிசோதனை) பார்த்து அங்கேயே விரித்து எடுத்திருந்தால் மட்டும் இறுதி அளவுக்கு ஒரே கோட்.

மோஸ்: 17311, 17312. டயக்னோசிஸ் சி44.311. ஒவ்வொரு ஸ்டேஜிலும் 5 ப்ளாக் வரை அந்தக் கோடுக்குள் அடக்கம். 17315 எப்போது என்றால், ஒரே ஸ்டேஜில் 5-ஐத் தாண்டும்போது. முதல் ஸ்டேஜில் 7 ப்ளாக் வந்தால் 17315 இரண்டு யூனிட். ஸ்டேஜ்களின் ப்ளாக்குகளைக் கூட்டி 5-ஐத் தாண்டியது என்று போடுவது தவறு. உங்களுடையதில் 17315 இல்லை.

மோஸ் என்று பெயர் வைக்க, வெட்டுபவரும் ஸ்லைடு படிப்பவரும் ஒரே டாக்டராக இருக்க வேண்டும். ஸ்லைடை வேறு பேத்தாலஜிஸ்ட் படித்தால் சர்ஜனுக்கு 1164x, பேத்தாலஜிஸ்டுக்கு 88331 (ஃப்ரோஸன் பரிசோதனைக்கான கோட்). மோஸ் டாக்டரே அதே திசுவுக்கு 88305 (பேத்தாலஜி பரிசோதனைக் கோட்) போடவும் முடியாது. நோட்டில் இருக்க வேண்டியவை: மோஸ் ஏன் (மூக்கு, இமை, உதடு, காது போன்ற முகத்தின் நடுப்பகுதி சாதாரணமாகவே போதுமான காரணம்), சர்ஜரிக்கு முந்தைய அளவு, ஸ்டேஜ் எண்ணிக்கை, ஸ்டேஜ் வாரியாக ப்ளாக், மிச்சம் எங்கே என்று வரைபடம், இறுதி டிஃபெக்ட் அளவும் ஆழமும், முதல் ஸ்டேஜில் கட்டி தெரிந்தால் அதன் வகை, ஆழம், நரம்பைச் சுற்றி இருக்கிறதா என்ற ஹிஸ்டாலஜி விவரம். கடைசியாகச் சொன்ன ஹிஸ்டாலஜி வரிதான் பல நோட்டுகளில் காணாமல் போகிறது. டெம்ப்ளேட்டில் "கட்டி உள்ளது / இல்லை" என்று மட்டும் டிக் இருந்தால் ரெக்கார்ட் கேட்கும்போது பணம் திரும்பப் போகும்.

பயாப்ஸியும் மோஸும் ஒரே நாளில் வந்தால்: முந்தைய 60 நாளுக்குள் அந்த லீஷனுக்கு பயாப்ஸி ரிப்போர்ட் இல்லை என்றால் பயாப்ஸி கோடும் 88331-உம் 59-உடன் தனியாக வரும். உங்கள் நோயாளிக்கு ரிப்போர்ட் இருக்கிறது, அதனால் கிடையாது.

ஃப்ளாப்: முதல் டிஃபெக்ட் 1.1 ச.செமீ, இரண்டாவது 3.0 ச.செமீ, மொத்தம் 4.1. மூக்கு, இமை, காது, உதடு 10 ச.செமீ வரை 14060. இரண்டாம் டிஃபெக்டின் அளவை டாக்டர் எழுதியிருப்பது நல்ல விஷயம், நிறைய நோட்டில் அது இருக்காது. எக்ஸிஷனுக்குப் பின் ஃப்ளாப் போட்டால் 1164x தனியாக வராது, ஃப்ளாப் கோடுக்குள் போய்விடும். மோஸுக்கு அந்த விதி இல்லை, 17311-உம் 14060-உம் இரண்டும் வரும். சுற்றுத் தோலைத் தளர்த்தி இழுத்துத் தைத்ததை மட்டும் ஃப்ளாப் என்று எழுதியிருந்தால் அது காம்ப்ளக்ஸ் அல்லது இன்டர்மீடியட் ரிப்பேர்தான்.

இனி எல்லோரும் மறக்கும் விஷயம். மோஸுக்கு குளோபல் 0 நாள், ஆனால் 14060-க்கு 90 நாள். உங்கள் சார்ட்டில் மூக்கு கடைசியாக வந்ததால் தப்பித்தீர்கள். மூக்கை முதலில் முடித்து, மூன்று வாரத்தில் அதே டாக்டர் கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் எடுத்திருந்தால், அந்தக் கிளெய்மில் ஒவ்வொரு ப்ரொசீஜருக்கும் 79 வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஃப்ளாப்பின் பின்கவனிப்பு என்று சிஸ்டம் நிராகரிக்கும். இப்போதும் ஃப்ளாப் தேதியிலிருந்து 90 நாளுக்குள் அவர் வேறு ஒரு புதிய பிரச்சினைக்காக வந்தால் இ/எம்மில் 24. தையல் பிரிக்க வருவதற்கு எதுவும் கிடையாது. ஒரே க்ரூப்பில் ஒரே ஸ்பெஷாலிட்டியில் இருக்கும் இன்னொரு டாக்டர் பார்த்தாலும் இதே கணக்குதான்.

எல்லாம் முடிந்த பிறகு: மூக்குக்கு இசட்85.828. கன்னத்துக்கு இசட்86.007, நெற்றிப்பொட்டுக்கு இசட்86.006. பின் இரண்டும் 2019 அக்டோபரில் வந்தவை. அதனால் பழைய சீட்டுகளில் இருக்காது, இன் சிட்டுவையும் இசட்85.820-இல் போடும் பழக்கம் அங்கிருந்து வருகிறது. மூக்குக்கான கண்காணிப்பு விசிட் என்றால் இசட்08 முதலில், இசட்85.828 கூட. விசிட்டில் புதிதாக ஏதாவது கண்டால் அதற்கு அதன் கோட்.

நோட்டை முன் விசிட்டிலிருந்து நகலெடுக்கும் க்ளினிக்குகளில் "மூக்கில் பேசல் செல் கார்சினோமா" என்று வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ப்ராப்ளம் லிஸ்டில் இருக்கிறது என்பதற்காக சி44.311 போடாதீர்கள். சிகிச்சை நடக்கிறதா, முடிந்ததா என்று அன்றைய நோட்டில் தேடுங்கள்.

ஆடிட்_மேசை

மேலே க்வெரி என்று ஒரு வார்த்தையில் விட்டுவிட்டேன். எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "சி44.311 போட மூக்கு என்று எழுதித் தர முடியுமா" என்று கேட்டால் அது டாக்டருக்குப் பதிலை ஊட்டுவது. முறையான வடிவம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"பேத்தாலஜி: நாடுலர் பேசல் செல் கார்சினோமா, மாதிரி ஏ. பயாப்ஸி நோட்டில் இடம் 'முகம், இடது' என்று மட்டும் உள்ளது. உங்கள் மருத்துவத் தீர்மானப்படி இடத்தைத் தெளிவுபடுத்தவும்: மூக்கு மடல் / மூக்குப் பக்கவாட்டு / மூக்கு-உதட்டு மடிப்பு / கன்னம் / வேறு (குறிப்பிடவும்) / தீர்மானிக்க இயலவில்லை."

சார்ட்டில் இருக்கும் ஆதாரம் முதலில், நியாயமான தேர்வுகள் பிறகு, "வேறு", "இயலவில்லை" இரண்டும் கட்டாயம். பணம் எவ்வளவு மாறும் என்ற பேச்சே வரக் கூடாது. பதில் சார்ட்டில் திருத்தமாக, தேதியோடு ஏற வேண்டும், மெசேஜில் "மூக்குதான்" என்று வந்த பதில் ரெக்கார்ட் ஆகாது. அளவு விடுபட்டிருந்தாலும் இதே முறை. ஆனால் சர்ஜரி முடிந்து வாரங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதும் மார்ஜினை ஆடிட்டர் ஏற்பது கடினம். அதனால் அளவு, மார்ஜின், இடம் மூன்றையும் டெம்ப்ளேட்டில் காலியாக விட முடியாத கட்டமாக வைக்கச் சொல்லி க்ளினிக்கிடம் கேளுங்கள்.

பதிவேடு_பிரிவு

குறுக்கே ஒரு சிறு குறிப்பு. அமெரிக்காவில் கேன்சர் ரெஜிஸ்ட்ரிக்குத் தோலின் சாதாரண பேசல் செல், ஸ்குவாமஸ் செல் கேன்சர்கள் போக வேண்டியதில்லை. இந்த நோயாளியின் நெற்றிப்பொட்டு மெலனோமா இன் சிட்டு போக வேண்டும். ஐசிடி-ஓ-3-இல் (ரெஜிஸ்ட்ரிகள் பயன்படுத்தும் கட்டிகளுக்கான தனிக் கோட் முறை) லென்டிகோ மெலிக்னா 8742/2, இடம் சி44.3. க்ளினிக்கிலேயே எடுத்து முடித்ததால் மருத்துவமனை ரெஜிஸ்ட்ரி கண்ணில் படாமல் போகும் கேஸ்கள் இவைதான். யார் அனுப்புகிறார்கள் என்று க்ளினிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இமை_சந்தேகம்

இதே திரியில் ஒரு கேள்வி. வலது உள் கண்முனையில் பேசல் செல் கார்சினோமா. மேல் இமையா கீழ் இமையா என்று எழுதவில்லை. சி44.319 போடலாமா?

மார்ஜின்_ஸ்க்ரைப்

வேண்டாம். கண்முனை இமைக் கோடில்தான் சேரும், முகத்தின் "மற்ற பகுதி"யில் இல்லை. வலது மேல் இமை, கண்முனை உட்பட சி44.1121; வலது கீழ் இமை சி44.1122, இடது மேல் சி44.1191, இடது கீழ் சி44.1192. சிக்கல் என்னவென்றால் "வலது, மேலா கீழா தெரியாது" என்பதற்கு கோடே இல்லை. மேல்-கீழ் இல்லாவிட்டால் சி44.111-க்குப் போக வேண்டும், அப்போது வலது என்ற தகவலும் போய்விடும். ஆகவே க்வெரி.

பயாப்ஸி இமையின் விளிம்பையும் சேர்த்து எடுத்திருந்தால் 67810, விளிம்பைத் தொடாமல் தோலில் மட்டும் என்றால் 11102 முதலான பொதுக் கோட்கள். பக்க மாடிஃபையர் இடது மேல் இ1, இடது கீழ் இ2, வலது மேல் இ3, வலது கீழ் இ4. எக்ஸிஷன் தோலோடு நின்றால் 11640 வரிசை. விளிம்பு, டார்ஸஸ் (இமையின் உள் தகடு), கன்ஜங்டைவா (உள் சவ்வு) வரை போய் அதையே சரிசெய்து தைத்திருந்தால் 67961 அல்லது 67966. இந்த இரண்டில் எது என்பது இமை விளிம்பின் நீளத்தில் கால் பங்கு வரை எடுத்தார்களா, அதற்கு மேலா என்பதைப் பொறுத்தது; ஆபரேட்டிவ் நோட்டில் மிமீ மட்டும் இருந்தால் போதாது, அந்தப் பங்கையும் எழுதச் சொல்லுங்கள்.